மாத்திரை தின்பது குற்றமா?

சாக்கிநாக்காவில் தகரம் அழுத்தும் பட்டறை ஒன்று. முதலாளி ஒருவர். தொழிலாளர்கள் இருவர். இருவரும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வயிற்றுப் பிழைப்புக்காக மும்பைக்கு வந்தவர்கள். ஒரே சாலில் பக்கத்துப் பக்கத்து அறையில் குடியிருப்பவர்கள்.

முதலாமவருக்குப் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல்கள் போயின. சேட்டே தமது காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றார். மூன்று மாதம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவரால் பிரஸ்ஸில் நிற்க முடியவில்லை. சரக்கை எண்ணிக் குறித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறார். நல்ல காரியம். அதை நாம் குறை சொல்லவில்லை.

இரண்டாமவர் லேத் ஓட்டுபவர். 11 ஆண்டு சர்வீஸ். ஊரில் தாயார் இறந்த பிறகு அவருக்குத் தூக்கம் போயிற்று. ரயிலில் கூட்டம் நெருக்கினால் நெஞ்சு படபடத்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி வற்புறுத்தி மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் மனநோய்ப் பிரிவுக்கு அனுப்பினார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் தூக்கம் வந்தது, முகம் தெளிந்தது. இரவில் மாத்திரை போட்டால் தூங்கியாக வேண்டும் என்பதால், சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார்: "அண்ணாச்சி, மனசு சரியில்லாம டாக்டர்ட்ட காட்டிட்டு இருக்கேன். மாத்திர சாப்பிடுதேன். ரெண்டு மாசத்துக்கு நைட் ஷிப்ட் மட்டும் போடாதீங்க."

சூப்பர்வைசரும் நம்மவர்தான். நம்பித்தான் சொன்னார்.

அன்று மாலைக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் ஒருவன் "பாகல்" என்று கூப்பிட்டான். நாலு பேர் சிரித்தார்கள். அந்த வாரமே லேத்திலிருந்து எடுத்து மூட்டை ஏற்றும் வேலையில் போட்டார்கள். மாதம் முடிவதற்குள் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை நீட்டினார்கள். "நீயாக எழுதிக் கொடுத்துவிடு. கணக்கை மரியாதையாக முடித்துத் தருகிறோம். ஊருக்குப் போய் உடம்பைப் பார்த்துக்கொள்" என்றார்கள். கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளின் நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு நம் சங்கத்துக்கு வந்தார். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்று அதில் இருந்தது. அதைப் படித்துச் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி இதுதான்: "நான் என்ன தப்பு செஞ்சேன்? குடிச்சுட்டுப் போனேனா? திருடுனேனா? மாத்திர திங்கது குத்தமா?"

இந்தக் கேள்விக்கு இந்த இதழில் பதில் தேட விரும்புகிறோம்.

குடிகாரனுக்கு மன்னிப்பு, நோயாளிக்கு நீக்கம்

நம் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடங்களில் எழுதப்படாத நியாயம் ஒன்று நடமாடுகிறது. திங்கட்கிழமை ஒருவன் வேலைக்கு வரவில்லை. "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்று தலையைச் சொறிந்தால் சூப்பர்வைசர் நாலு வசவு வைத்துவிட்டு உள்ளே விடுகிறார். அரை நாள் கூலி பிடிப்பார்கள், அதோடு சரி. தூக்கம் வராமல், பயம் தாங்காமல் குடிப்பவன் அங்கே "ஆண்பிள்ளை". அதே தூக்கமின்மைக்கு டாக்டரிடம் போய் முறையாக மாத்திரை சாப்பிடுபவன் "பைத்தியம்". முன்னவனுக்கு இடம் உண்டு, பின்னவனுக்கு இல்லை.

இதன் விளைவு என்ன? தன் நோயைச் சொன்னவன் தெருவில் நிற்பதைப் பார்த்த மற்ற நூறு பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். வாயை மூடியவர்களில் பாதிப் பேர் பாட்டிலைத் திறக்கிறார்கள். அதன் பிறகு, "தமிழ்க் கூலிகள் குடித்தே கெடுகிறார்கள்" என்று பேசும் பெரிய மனிதர்களுக்கும் பஞ்சமில்லை.

நோயாளிகள் எங்கோ சிலர் என்று எண்ணுவோர் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. நம் தமிழ்நாடும் அவற்றில் ஒன்று. வயது வந்தோரில் 100-க்கு 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயுடன் இருப்பதாக அது கண்டது. அவர்களில், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை. அப்படியானால் நூறு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில் டாக்டரைப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோ. அந்த ஒருவரைத்தான், மருந்தைத் தேடிப்போன அந்தப் பொறுப்பான மனிதரைத்தான், முதலாளி பொறுக்கியெடுத்து வெளியே அனுப்புகிறார். சிகிச்சை பெறாத ஒன்பது பேர் அதே இயந்திரங்களின் முன் நிற்கிறார்கள். இதுதான் பாதுகாப்பா?

இன்னொரு கணக்கும் உண்டு. எழுதக் கை நடுங்கும் கணக்கு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுப்படி 2021-ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர்கள். நாலில் ஒருவர்! கடன், வேலையின்மை, குடும்பத் துயரம், நோய் என்று காரணங்கள் பல இருக்கும். ஆனால் அந்த 42,004 பேரில் எத்தனை பேருக்குத் தம் துயரத்தை வேலைத் தலத்தில் சொல்ல ஓர் ஆள் இருந்தது?

எப்படி வெளியேற்றுகிறார்கள்?

மனநோய்க்காக ஒருவரை நீக்கினோம் என்று எந்த முதலாளியும் காகிதத்தில் எழுதுவதில்லை. அவ்வளவு அப்பாவிகள் அல்லர் அவர்கள். நம் சங்கத்துக்கு வந்த குறைகளையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தால் மூன்று வழிகள் தெரிகின்றன.

ஒன்று, வேலையை மாற்றுவது. தொழில் தெரிந்தவனைத் துடைப்பம் பிடிக்க வைப்பார்கள். அல்லது எந்த நைட் ஷிப்ட் வேண்டாம் என்று கேட்டானோ அதையே தொடர்ந்து போடுவார்கள். அவனாகவே வெறுத்துப்போய் நின்றுவிட வேண்டும்.

இரண்டு, மேலே சொன்ன தாள். "நானாக விலகுகிறேன்" என்று கையெழுத்துப் போட்டவுடன் ஆட்குறைப்புக்குரிய இழப்பீடு போயிற்று. முன்னறிவிப்புக்கான ஒரு மாதச் சம்பளமும் போயிற்று. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று பார்த்தாலும் 11 ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். "மரியாதையாகக் கணக்கை முடிக்கிறோம்" என்ற சொல்லின் விலை அது!

மூன்று, பெயரை அடிப்பது. நோய் முற்றிப் பத்து நாள் படுத்துவிட்டால், "சொல்லாமல் நின்றுவிட்டார், தானாகவே வேலையைக் கைவிட்டார்" என்று மஸ்டரிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள். இதைப் பற்றி 1993-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது: சில நாட்கள் வராததையே காரணமாக வைத்து, விசாரணை வைக்காமல், தொழிலாளியின் பக்கத்தைக் கேட்காமல் பெயரை அடிப்பது செல்லாது, அது அவன் பிழைப்பையே பறிப்பதாகும் என்று. தீர்ப்பு வந்து முப்பது ஆண்டுக்கு மேலாகிறது. பெயர் அடிக்கும் பேனாவோ இன்னும் ஓயவில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் நம் தாய்மார்களுக்கு இந்த மூன்று வழிகள்கூடத் தேவைப்படுவதில்லை. பிள்ளை பெற்ற பிறகு மனம் கலங்கிச் சிகிச்சை எடுத்த ஒரு சகோதரி, ஆறு ஆண்டு வேலை பார்த்த வீட்டு அம்மாளிடம் உண்மையைச் சொன்னார். அந்த அம்மாள் படித்தவர், பரிவோடுதான் கேட்டுக்கொண்டார். மறுநாள் காவலாளியே, "நாளை முதல் வர வேண்டாமாம்" என்று கேட்டில் வைத்துச் சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறதாம்! நோட்டீசும் இல்லை, கணக்கும் இல்லை. எந்த அலுவலகத்தில் போய் முறையிடுவது?

"ஊருக்குப் போ" என்னும் தீர்ப்பு

மனநோய் எல்லா இனத்துத் தொழிலாளிக்கும் வரும். ஆனால் வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்கு அதில் இரட்டைச் சுமை இருக்கிறது.

முதலாவது மொழி. கால் வலிக்கிறது என்பதை எந்த மொழியிலும் காலைத் தொட்டுக் காட்டிச் சொல்லிவிடலாம். மனத்தில் வலிப்பதை எதைத் தொட்டுக் காட்டுவது? "மனசு பாரமா இருக்கு", "நெஞ்சை என்னமோ அமுக்குது", "எதுலயும் பிடிப்பு இல்ல" என்பவற்றை உடைந்த இந்தியில் சொன்னால் "டென்ஷன்" என்ற ஒரு வார்த்தையில் போய் முடிகிறது. டென்ஷன் யாருக்குத்தான் இல்லை என்று எதிரில் இருப்பவர் சிரிக்கிறார். பேச்சு அதோடு நின்றுபோகிறது.

இரண்டாவது, "ஊருக்குப் போய்ச் சேர்" என்பது. உள்ளூர்த் தொழிலாளியை அப்படி அனுப்ப முடியாது. அவன் ஊர் இதுதான். நம்மை அனுப்பலாம். அதையும் அக்கறை போலவே சொல்கிறார்கள். ஊரில் என்ன இருக்கிறது? வேலை இருந்திருந்தால் நாம் ஏன் ரயில் ஏறினோம்? மாதாமாதம் பணம் அனுப்பியவன் வெறுங்கையோடு போய் இறங்கினால், பத்தே நாளில் அவன் வீட்டுக்குப் பாரம். அடுத்து, மந்திரிப்பது, தாயத்துக் கட்டுவது, குணசீலம், ஏர்வாடி என்று அலைச்சல். வழிபாட்டை நாம் பழிக்கவில்லை. ஆறுதல் தேடிப் போகிறவர்களைத் தடுக்கவும் இல்லை. ஆனால் மருந்தை நிறுத்திவிட்டு அங்கே கொண்டுபோய் விடுவதன் முடிவு எங்கே போய் நின்றது என்பதை மறந்துவிடலாகாது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியிலிருந்த தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களும் ஒரு காலத்தில் யாருக்கோ அண்ணன், யாருக்கோ மகள். அவர்களையும் யாரோ ஒருவர், "இங்கே வைத்துக்கொள்ள முடியாது" என்று சொல்லித்தான் அங்கே அனுப்பியிருக்க வேண்டும்.

முதலாளிமார் சொல்லும் சமாதானம்

"இயந்திரத்தில் நிற்பவன். ஏதாவது நடந்துவிட்டால் யார் பதில் சொல்வது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத் தோன்றும். சற்றே உரசிப் பார்ப்போம்.

இரத்தக் கொதிப்பு உள்ளவனுக்கும் இயந்திரத்தின் முன் தலை சுற்றலாம். சர்க்கரை உள்ளவனுக்கும் மயக்கம் வரலாம். அவர்களை யாரும் தாளில் கையெழுத்து வாங்கி அனுப்புவதில்லை. அவன் வேலைக்குத் தகுதியா இல்லையா என்பதை டாக்டர் சொல்லட்டும்; கேட்டில் நிற்கும் சூப்பர்வைசரும் கணக்கெழுதும் முனீமும் எப்படிச் சொல்லலாம்? சில வாரம் இயந்திரம் கூடாது என்று டாக்டர் சொன்னால், விரல் போனவருக்கு வேறு வேலை கொடுத்தது போல இவருக்கும் கொடுங்கள். அந்தப் பட்டறையிலேயே முன்மாதிரி இருக்கிறதே!

12 மணி நேரம் டியூட்டி. வாரம் முழுக்க இரவு வேலை. பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்குவது. ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளை முகம் பார்ப்பது. இப்படி வைத்து வேலை வாங்கினால் இரும்பும் தேயும்; மனம் தேயாதா? நோயில் ஒரு பங்கு வேலையிலிருந்தே வருகிறது. வந்த பின் அது தொழிலாளியின் சொந்த விஷயமாகிவிடுகிறது. இலாபம் முதலாளிக்கு, தேய்மானம் தொழிலாளிக்கு!

முதலாளிகளின் கணக்கிலேயே பேசினாலும் அவர்கள் செய்வது நட்டம்தான். மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2022-இல் கணக்கிட்டுச் சொல்லியுள்ளன. 11 ஆண்டு கை பழகிய லேத்காரனை அனுப்பிவிட்டுப் புதியவனைப் பழக்கி எடுக்க எத்தனை மாதம் பிடிக்கும், எத்தனை சரக்கு பாழாகும்? இரண்டு மாதப் பகல் ஷிப்ட்டின் விலை அதைவிடக் குறைவு அல்லவா?

முடியாத காரியமா என்றால் இல்லை. செம்பூர்ப் பக்கம் ஓர் அச்சகத்தில் நம்மவர் ஒருவருக்கு இதே நிலை வந்தது. அந்த முதலாளி பெரிய தர்மவான் அல்லர், சாதாரண மனிதர். "டாக்டர் சீட்டைக் கொண்டு வா" என்றார். பார்த்தார். நைட் ஷிப்ட்டை நிறுத்தினார். விஷயத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டார். அவ்வளவே செய்தார். நம்மவர் ஐந்து ஆண்டாக அங்கேயே வேலை பார்க்கிறார்.

சட்டம் எங்கே நிற்கிறது?

வெள்ளையன் 1912-இல் போட்ட சட்டத்துக்குப் பெயரே பைத்தியக்காரர் சட்டம். சுதந்திரம் வந்து நாற்பது ஆண்டு அதையே வைத்துக்கொண்டிருந்தோம். 1987-இல் மனநலச் சட்டம் வந்தது. 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் முதன்முறையாக, மனநோய்க்குச் சிகிச்சை பெறுவது குடிமகனின் உரிமை என்றது. உடல் நோயாளிக்குச் சமமாக மனநோயாளி நடத்தப்பட வேண்டும் என்றது. நோயாளியைப் பற்றிய செய்தியை டாக்டரும் ஆஸ்பத்திரியும் இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. உங்கள் முதலாளி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டால், உங்கள் சம்மதம் இல்லாமல் டாக்டர் சொல்லக் கூடாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு நிறுவனத்தில் பணியில் இருக்கும்போது ஒருவருக்கு அத்தகைய குறை வந்தால் அவரை நீக்கவோ தரம் இறக்கவோ முடியாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று, மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்றது. மனநோய் உள்ள ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது, அந்த நடவடிக்கைக்கான காரணங்களில் ஒன்றாக அவரது நோய் இருந்தாலே அது பாரபட்சம் என்று கொள்ளப்படும். நோய் மட்டுமே காரணம் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அவர் மீதான நடவடிக்கை இரத்தாயிற்று.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் பட்டறைத் தொழிலாளிக்கு இதில் எவ்வளவு வந்து சேர்கிறது? வேலையைக் காப்பாற்றும் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்கே சொல்லப்பட்டது. தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்பதோடு சட்டம் மெதுவாகப் பேசத் தொடங்கிவிடுகிறது. நம்மில் எத்தனை பேர் வேலைத் தலத்தில் அந்தக் கொள்கையைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? காண்டிராக்டில் வேலை செய்பவனுக்குத் தன் முதலாளி யார் என்பதே சந்தேகம். வீட்டு வேலைக்காரியையோ சட்டம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சட்டம் மாளிகையின் மாடியில் விளக்கேற்றிவிட்டது. படிக்கட்டின் அடியில் இன்னும் இருட்டுத்தான்.

மறைப்பதால் நாம் இழப்பது

"அப்படியானால் சொல்லாமல் இருப்பதுதானே புத்திசாலித்தனம்?" என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடும்பத்தின் உலை கொதிப்பது அந்த மௌனத்தில்தான். ஆனாலும் மறைப்பதால் இழப்பது என்ன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இ.எஸ்.ஐ.க்காக நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். 2019 ஜூலை முதல் இந்த விகிதம். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் இ.எஸ்.ஐ. என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அப்படியல்ல. சாதாரண நோய் உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, 70 சதவீத ஊதியம். அதற்கு மேல், நீடித்த நோய்கள் என்று 34 நோய்களின் பட்டியல் ஒன்று உண்டு. காசநோய், புற்றுநோய் ஆகியவற்றோடு கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவு போன்ற மனநோய்களும் அதில் இருக்கின்றன. இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்து, வேண்டிய நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், இரண்டு ஆண்டு வரைகூட 80 சதவீத ஊதியம் உதவியாகக் கிடைக்கும்.

80 சதவீத ஊதியம்! அந்த லேத் தொழிலாளி வேலையை எழுதிக் கொடுத்த நாளில் இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த முதலாளிக்குத் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரிந்திருக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லவில்லை, தெரியாதவர் கையெழுத்துப் போட்டார். அநியாயத்தின் முழு உருவமும் இதற்குள் இருக்கிறது.

நோய் உதவி பெறும் நாட்களில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. அந்தப் பழைய பாதுகாப்பு நடைமுறையில் எள்ளளவும் குறையாமல் தொடர வேண்டும் என்பதில் தொழிற்சங்கங்கள் எல்லாம் விழிப்போடு இருக்க வேண்டிய நேரம் இது.

நம் முதுகையும் பார்ப்போம்

முதலாளியை மட்டும் சாடிவிட்டு ஒதுங்கினால் நாம் பொய்யர்களாவோம். அந்த லேத் தொழிலாளியின் இரகசியத்தை வெளியில் விட்டவர் சேட் அல்லர், நம் சூப்பர்வைசர். "பாகல்" என்றபோது சிரித்த நாலு பேரில் இரண்டு பேர் தமிழர்கள். காண்டிராக்ட் எடுத்து ஆள் வைக்கும் நம் மேஸ்திரிகள் இதே காரியத்தைச் செய்வதில்லையா? பெண் கொடுக்கும்போது, "அந்த வீட்டில் ஒருவனுக்குச் சித்தம் சரியில்லையாம்" என்று கிசுகிசுத்துச் சம்பந்தத்தைக் கலைப்பவர்கள் யார்? சென்னையில் கீழ்ப்பாக்கம், மும்பையில் தானே, பெங்களூரில் நிமான்ஸ் என்று, நோய் தீர்க்கும் இடங்களின் பெயர்களையெல்லாம் கேலிச் சொற்களாக்கி வைத்திருப்பது யார் நாக்கு?

நம் சங்கமும் இதற்கு விலக்கல்ல. அந்தத் தொழிலாளி முதலில் நம்மிடம் வந்திருந்தால், "அதெல்லாம் ஒன்றுமில்லை, மனசைத் திடமாக வைத்துக்கொள்" என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்போமோ என்று எண்ணும்போது வெட்கமாக இருக்கிறது. கை ஒடிந்தவனிடம் கையைத் திடமாக வைத்துக்கொள் என்று யாரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது

"துணிந்து சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. சொன்னவர் வேலை இழந்தால் அவர் வீட்டு வாடகையை நாம் கட்டப் போவதில்லை. ஆகவே நம் ஆலோசனை இது: சொல்வதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை. யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் சொல்வதென்று முடிவு செய்தால் தனியாகச் சொல்லாதீர்கள், வாயால் சொல்லாதீர்கள். சூப்பர்வைசரின் காதில் சொன்னது காற்றில் போகும். கேலியாகத் திரும்பி வரும். டாக்டர் சீட்டோடு, என்ன வேண்டும் என்பதை மட்டும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். உடன் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரையோ நம்பிக்கையான தோழர் ஒருவரையோ அழைத்துச் செல்லுங்கள். புரியாத மொழியில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்வதற்கு எந்தச் சட்டத்திலும் தடையில்லை. இ.எஸ்.ஐ. எண் கையில் இருக்கிறதா, சந்தா உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதை நோய் வருவதற்கு முன்பே பார்த்து வையுங்கள்.

டாக்டரிடம் போகுமுன் தமிழில் யாரிடமாவது பேச வேண்டும் என்றிருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி இருக்கிறது. எண் 14416. காசு கிடையாது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். நைட் ஷிப்ட் முடிந்து நடைபாதையில் உட்கார்ந்துகொண்டே பேசலாம்.

அரசையும் முதலாளிகளையும் நோக்கி நாம் கேட்பவை அதிகமில்லை. அரசுப் பணியாளரின் வேலையைக் காக்கும் அதே பாதுகாப்பு, தனியார் தொழிலாளிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் வேண்டும். சிகிச்சையில் இருப்பவரிடமிருந்து வாங்கும் விலகல் கடிதம், தொழிலாளர் துறை அதிகாரியின் முன்னிலையில் அவர் மொழியில் படித்துக் காட்டப்பட்டாலன்றிச் செல்லாது என்று விதி வேண்டும். தொழிலாளர் வாழும் பகுதிகளில் உள்ள மாநகராட்சி, இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளின் மனநோய்ப் பிரிவில், அங்கு வாழும் மக்களின் மொழி தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களுக்குச் சட்டத்தின் கதவு திறக்கப்பட வேண்டும்.

அந்த லேத் தொழிலாளி இப்போது அந்தேரியில் வேறொரு பட்டறையில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிறார். தம் பழைய சம்பளத்தில் பாதிதான். மாத்திரையை நிறுத்தவில்லை. ஆனால் சீட்டை வேலைக்குக் கொண்டு போவதில்லை. வீட்டில் அரிசிப் பானைக்கு அடியில் மனைவி வைத்திருக்கிறார். பழைய கணக்குக்காகத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டிருக்கிறோம். என்னவாகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறது.

இல்லை தோழரே, மாத்திரை தின்பது குற்றமில்லை. அதை ஒளித்து ஒளித்துத் தின்ன வைத்திருப்பதுதான் குற்றம். அந்தக் குற்றத்தில் முதலாளிக்குப் பெரிய பங்கு. சிரித்த நமக்கும் ஒரு பங்கு. நம் பங்கை இன்றே கழுவத் தொடங்குவோம். முதலாளியின் பங்கை ஒன்றாக நின்று கேட்போம்.